பள்ளிக்கரணையில் ஒரு நாள்: பறவையைப் பார்க்கிறோமா, துரத்துகிறோமா?

ஜனவரி, பிப்ரவரி மாத ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஆறரை மணிக்கே துரைப்பாக்கம் - பல்லாவரம் ரேடியல் சாலை ஓரம் பைக்குகள் வரிசை கட்டத் தொடங்கிவிடும். இறங்குபவர்களில் பாதிப் பேர் வாரம் முழுக்க இதே சாலையில் ஹாரன் அடித்துக்கொண்டு ஆபீஸ் போகிறவர்கள்தான். இன்று கழுத்தில் பைனாகுலர், கையில் போன். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "பூநாரை எங்க?"

தூரத்தில் இளஞ்சிவப்பாக ஏதோ தெரியும். ஜூம் போட்டு நாலு கிளிக், ஒரு ரீல். "போய்ட்டு வந்தாச்சு!"

இதில் தப்பு ஒன்றும் இல்லை. நகரத்துக்குள் இருக்கும் ஒரு சதுப்பு நிலத்தைத் தேடி இளைஞர்கள் வருவதே நல்ல விஷயம்தான். ஆனால் பூநாரையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது, கல்யாணத்துக்குப் போய் ஐஸ்கிரீம் மட்டும் சாப்பிட்டு வருவது மாதிரி.

காலடியில் என்ன இருக்கிறது?

பள்ளிக்கரணையில் முதலில் பார்க்க வேண்டியது செடிகளை. தண்ணீரில் கத்தி கத்தியாக ஆள் உயரத்துக்கு நிற்பது சம்பு. அதன் உச்சியில் பழுப்பு நிறத்தில் ஊதுபத்திக் கட்டு போல இருப்பதுதான் பூங்கொத்து. இந்தச் சம்புக் காட்டுக்குள் நீல நிற உடம்பும் சிவப்பு அலகும் தெரிந்தால் அது நீலத் தாழைக்கோழி. சம்பின் தண்டைக் காலால் பிடித்துக் கடித்துத் தின்னும். கூடும் அதற்குள்ளேயேதான். 'ஏதோ புதர்' என்று அந்தச் சம்பை வெட்டி எடுத்தால் தாழைக்கோழிக்குச் சாப்பாடும் போச்சு, வீடும் போச்சு.

கரையோரம் முள்ளும் ஊதாப் பூவுமாக இருப்பது நீர்முள்ளி. சித்த மருந்துக் கடைகளில் விதையாகப் பார்த்திருப்பவர்கள் செடியைப் பார்த்ததும் "அட, இதுவா?" என்பார்கள். ஈரத்தில் படர்ந்து கிடக்கும் பொன்னாங்கண்ணியோ நேற்று மார்க்கெட்டில் கட்டு போட்டு விற்ற அதே கீரை.

ஆகாயத்தாமரை விஷயம் கொஞ்சம் சிக்கல். காம்பு வெங்காயம் போலப் புடைத்திருப்பதால் வெங்காயத்தாமரை என்றும் சொல்வார்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி. தண்ணீரை மூடிக்கொண்டு, அடியில் வெளிச்சத்தையும் ஆக்சிஜனையும் குறைத்துவிடும். அகற்ற வேண்டியதுதான், சந்தேகமில்லை. ஆனால் அதே இலைமேல்தான் நீண்ட விரல்களை அகட்டி வைத்து இலைக்கோழி நடந்து போகும். அல்லி போன்ற நம் மிதக்கும் செடிகளுக்கு இடம் விடாமல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வழித்தெடுத்தால் இலைக்கோழி எங்கே நிற்கும்? செடியைப் பார்க்காமல் பறவையை மட்டும் பார்ப்பவருக்கு இந்தக் கேள்வியே வராது.

ஆள்காட்டி ஏன் கத்துகிறது?

இப்போது கொஞ்சம் கசப்பான பகுதி. போட்டோவுக்காகக் கரையை விட்டு இறங்கி நடப்பவர்களின் தலைக்கு மேல் ஒரு பறவை வட்டமடித்துக் கத்துவதைக் கேட்டிருக்கலாம். சிவப்பு மூக்கு ஆள்காட்டி. ஆள் வருவதைக் காட்டிக்கொடுப்பதால்தான் அந்தப் பெயர். பலர் அதை 'சூப்பர் ஆக்‌ஷன் ஷாட்' என்று நினைக்கிறார்கள். மார்ச்சுக்குப் பிறகு அது அப்படிக் கத்தினால், பக்கத்தில் முட்டை இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

இந்தப் பறவை மரத்தில் கூடு கட்டாது. வெறும் தரையில் ஒரு சின்னக் குழி, சுற்றிச் சில கூழாங்கற்கள், பெரும்பாலும் நான்கு முட்டைகள். முட்டையின் நிறமும் மண்ணின் நிறமும் ஒன்றுதான், மிதித்த பிறகுதான் தெரியும். வெயில் நேரத்தில் தாய்ப்பறவை வயிற்றுச் சிறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிர்விக்கும். நாம் பத்து நிமிடம் அங்கேயே நின்றால் அந்தப் பத்து நிமிடமும் முட்டை வெயிலில் காயும், காக்கையும் பார்த்துக்கொண்டிருக்கும். அது கத்தினால் வந்த வழியே திரும்புவதுதான் ஒரே மரியாதை.

மொபைலும் இதில் கூட்டாளி. மெர்லின் ஆப் சத்தத்தை வைத்தே பறவையின் பெயரைச் சொல்லிவிடும், நல்ல வசதி. ஆனால் அதிலிருக்கும் குரல் பதிவை ஸ்பீக்கரில் போட்டுப் பறவையை வெளியே இழுப்பது வேறு கதை. தன் எல்லைக்குள் போட்டிப் பறவை வந்துவிட்டது என்று நினைத்து அது இரை தேடுவதை விட்டுவிட்டு ஓடி வரும். நமக்கு ஒரு லைக், அதற்கு ஒரு வேளை சாப்பாடு நஷ்டம். கூட்டின் லொகேஷனை இன்ஸ்டாவில் போடுவதும் இதே ரகம்.

அப்போ போனை வைத்து என்னதான் செய்வது? பார்த்ததைப் பதிவு செய்யலாம். ஒவ்வொரு ஆண்டும் பொங்கலை ஒட்டித் தமிழ்நாட்டில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் கலந்துகொள்ளக் குறைந்தது 15 நிமிடம் போதும். பார்த்த பறவைகளையும் எண்ணிக்கையையும் இ-பேர்டில் ஏற்ற வேண்டும். செடிகளுக்கு ஐநேச்சுரலிஸ்ட் இருக்கிறது. இடத்தை மறைத்துப் பதிவிடும் வசதியும் அதில் உண்டு.

சும்மா பட்டியல் போடுவதில் என்ன லாபம் என்று தோன்றலாம். இந்தச் சதுப்பு நிலம் ஒரு காலத்தில் இப்போது இருப்பதைப் போலப் பல மடங்கு. குப்பைக் கிடங்கும், சாலைகளும், கட்டடங்களும் தின்றது போக மிஞ்சியதில் 317 ஹெக்டேர் 2007-ல் காப்புக்காடானது. 2022-ல் 1,247 ஹெக்டேருக்கு ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. அதன் எல்லை எது, அதை ஒட்டி என்ன கட்டலாம் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அந்தச் சண்டையில் "இங்கே ஒன்றுமில்லை, வெறும் சேறுதான்" என்று யாராவது சொல்லும்போது எடுத்து வைக்க, தேதியும் இடமும் போட்ட பட்டியல்கள் வேண்டும். ரீல் அங்கே உதவாது.

அடுத்த முறை போகிறவர்கள் பூநாரை இல்லாத மாதத்திலும் ஒருமுறை போய்ப் பார்க்கலாம். கோடை முடிந்து மழை வரும் நாட்களில் நீளவால் இலைக்கோழிக்கு அந்த நீண்ட வால் முளைத்திருக்கும். இலைமேல் முட்டையை அடைகாத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அப்பா. அம்மா முட்டையிட்டுவிட்டு அடுத்த ஜோடியைத் தேடிப் போயிருப்பார்.