இரண்டாவது பல்ஸில் அது பழைய குமிழி இல்லை

பௌர்ணமி அன்னைக்கு கிரிவலப் பாதையில் சோப்புக் குமிழி ஊதி விக்கிறவங்களை நம்ம ஊர்ல எல்லாரும் பார்த்திருப்போம். குழந்தை கை பட்டதும் 'டப்'னு உடையும். குமிழின்னா ஒண்ணு இருக்கும், இல்லன்னா உடையும்: நம் மனசுல இருக்கிறது இவ்வளவுதான். ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு மைக்ரோபபுள் எடுக்கிறவங்களும் இதே நினைப்புலதான் சிமுலேஷன் போடுறாங்க. அது தப்பு என்பது என் கருத்து.

மைக்ரோபபுள் என்பது ஸ்கேனில் ரத்த ஓட்டம் தெளிவாகத் தெரிய ஊசி வழியாகச் செலுத்தும் காண்ட்ராஸ்ட் மருந்து. விட்டம் சில மைக்ரோமீட்டர். பெரும்பாலானவை சிவப்பணுவை விடச் சின்னவை. சோனோவியூ என்ற மருந்தில், உள்ளே ரத்தத்தில் சீக்கிரம் கரையாத சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு வாயு. வெளியே ஒரு மூலக்கூறு தடிமனில் லிப்பிட் உறை.

பல்ஸ் வரும்போது அழுத்தம் ஏறினால் குமிழி சுருங்கும், இறங்கினால் விரியும். சுருங்கும்போது லிப்பிட் மூலக்கூறுகள் ஷேர் ஆட்டோவில் ஏறின மாதிரி நெருக்கியடித்து, உறை சுருக்கம் விழுந்து மடங்கும். ரொம்ப விரிந்தால் உறை கிழியும். மடிப்பு, மீள்தன்மை, கிழிசல் என்ற இந்த மூன்று நிலைகளையும் 2005-ல் மார்மோட்டான் குழு ஒரே மாடலில் கொண்டு வந்தது. நல்ல மாடல்தான். ஆனா நாம அதுல ஒரு பல்ஸ் கொடுத்து, ஆரம் எதிர் நேரம் கிராஃப் எடுத்து, ரிப்போர்ட்டை பைண்டிங்குக்கு அனுப்பிடுறோம்.

நிஜ ஸ்கேனர் பல்ஸ் மேல பல்ஸா அனுப்பிக்கிட்டே இருக்கும். ஒவ்வொரு நெருக்கத்திலும் கொஞ்சம் லிப்பிட் உதிரலாம். உறையின் இடைவெளி வழியா கொஞ்சம் வாயு வெளியேறலாம். உடையாமலேயே குமிழி சின்னதாகும். சின்னதானால் அதன் ஒத்ததிர்வு அதிர்வெண் கூடும். அதனால் முதலில் பெரிதாக இருந்த குமிழி, சுருங்கிச் சுருங்கி ஸ்கேனரின் அதிர்வெண்ணோடு ஒத்துப்போகும் அளவுக்கு வந்ததும் இன்னும் பலமாக அதிரும். அதையும் தாண்டிச் சுருங்கினால் எதிரொலி மங்கும்.

இது வெறும் கணக்கு விஷயம் இல்லை. கல்லீரல் கட்டியைப் பார்க்கும்போது படத்தில் ஓரிடம் மங்கினால், அங்கே ரத்தம் வரவில்லையா, இல்ல நம்ம பல்ஸே குமிழிகளைத் தேய்த்துவிட்டதா? இரண்டும் வேற வேற முடிவு. பலமான பல்ஸால் வேண்டுமென்றே குமிழிகளை உடைத்து, புதுசு எவ்வளவு வேகமாக வந்து நிரம்புகிறது என்று ரத்த ஓட்டத்தை அளப்பதும் உண்டு. அது திட்டமிட்டது. தெரியாமல் தேய்வதுதான் ஆபத்து. குமிழிகளை வைத்து மூளைக்குள் மருந்து செலுத்தும் ஆய்வுகளில் இது இன்னும் முக்கியம். அங்கே பல்ஸ் பலம் கூடினால் ரத்தக்குழாயே பாதிக்கப்படலாம்.

"லேப் இல்லாம நாம என்ன பண்ண முடியும்?"னு கேப்பீங்க. சென்னை ஐஐடி மாதிரி அல்ட்ராசவுண்ட் ஆய்வகம் நம்மகிட்ட இல்லைதான். ஆனா லேப்டாப் இருக்கே. ஒரு பல்ஸ் முடிந்ததும் மிச்சமிருக்கும் வாயுவையும் லிப்பிட்டையும் அடுத்த பல்ஸுக்குத் தொடக்க மதிப்பாகக் கொடுங்க. எவ்வளவு இழப்பு என்று எடுத்துக்கொண்டீர்கள் என்பதை ரிப்போர்ட்டில் மறைக்காமல் எழுதுங்க. இழப்பை மாற்றி மாற்றி ஓட்டி, எதிரொலி எப்படி மாறுதுன்னு பாருங்க.

இன்னைக்கே உங்க கோடைத் திறங்க. லூப்புக்குள்ள ஒவ்வொரு தடவையும் ஆரத்தைப் பழைய மதிப்புக்கே திருப்புற ஒரு வரி இருக்கும். முதல்ல அதை அழிங்க.