முகம் மாறினால் என்ன?

குட்டீஸ், இங்கிலாந்தில் 'கரோனேஷன் ஸ்ட்ரீட்' என்று ஒரு டிவி தொடர் வருகிறது. 1960 டிசம்பர் 9ல் ஆரம்பித்தது, இன்னும் முடியவில்லை! அதன் முதல் நாளிலேயே கென் பார்லோ என்ற பாத்திரத்தில் நடித்தவர் வில்லியம் ரோச். 60 ஆண்டுகள் தாண்டியும் அவர்தான் கென். கின்னஸ் சாதனை!

கென்னின் வளர்ப்பு மகள் டிரேசி. அவளாக முதலில் நடித்த சிறுமி கிறிஸ்டபெல் ஃபிஞ்ச். அப்புறம் ஹாலி ஷாமரெட். 1988ல் டான் ஆக்டன். 2002ல் கேட் ஃபோர்டு. அப்பாவுக்கு ஒரே முகம், மகளுக்கு நாலு முகம்!

"இதென்ன ஏமாற்று வேலை?" என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நடிக்க வந்தபோது ரோச்சுக்கு வயது 28. அது அவரே விரும்பி ஏற்ற வேலை. சின்னக் குழந்தைக்கு அப்படியா? பள்ளிக்கூடம், பரீட்சை, விளையாட்டு எல்லாம் வேண்டாமா? கதை முடியவில்லை என்பதற்காக, ஒரு குழந்தை வளரும் வயது முழுவதையும் கேமரா முன்னால் கழிக்க வேண்டுமா?

குழந்தை "போதும்" என்றால் சந்தோஷமாக அனுப்பி வைக்க வேண்டும். டிரேசி கதைக்குச் சொந்தம்; டிரேசியாக நடிக்கும் சிறுமி கதைக்குச் சொந்தமில்லை.

புதிதாக வருபவர் பாவம்! முதல் நாளே, "பழைய ஆள்தான் நல்லா நடிச்சாங்க" என்று சொல்லிவிடாதீர்கள். நாலு வாரம் பார்த்துவிட்டு அப்புறம் மார்க் போடுங்கள், சரியா?