மரபைக் காட்டுவோர் மரபின் கணக்கேட்டையும் படிக்க வேண்டும்: பர்கண்டியை முன்வைத்து

பிரான்சின் கிழக்கே அமைந்த பர்கண்டி வட்டாரத்தின் ஒயினைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரே சித்திரத்தைத் தீட்டுகின்றனர்: துறவிகள் கண்டறிந்த மண், அம்மண்ணுக்கென்றே பிறந்த திராட்சை, பல நூற்றாண்டுகளாக மாறாத மரபு. புவி வெப்பமாதலின் காரணமாக அங்குத் திராட்சை வகைகளை மாற்ற நேருமா என்னும் கேள்வி எழும்போது, இச்சித்திரமே முதல் மறுப்பாக முன்வைக்கப்படுகிறது. ஆனால் பர்கண்டியின் வரலாற்றை அதன் ஆவணங்களின் வழியே வாசிப்போர் வேறொரு முடிவுக்கே வர இயலும். அங்கே திராட்சைக் கொடியும் மாறியிருக்கிறது, தட்பவெப்பமும் மாறியிருக்கிறது. மாறாமல் நின்றது, ஆண்டுதோறும் கவனித்துக் குறித்துவைக்கும் பழக்கம் ஒன்றுதான்.

முதலில் நிலத்தைப் பார்க்கலாம். பர்கண்டியின் புகழ்பெற்ற தோட்டங்கள் டிஜோன் நகருக்குத் தெற்கே, கிழக்கு நோக்கிச் சரியும் ஒரு குறுகிய மலைச்சரிவில் அமைந்துள்ளன. சுண்ணாம்புக் கல்லும் களிமண் கலந்த சுண்ணமண்ணும் அடுக்கடுக்காகக் கிடக்கும் நிலம் அது. சரிவின் நடுப்பகுதி காலை வெயிலைப் பெறுகிறது, நீரும் தேங்குவதில்லை. அதனால் அப்பகுதியே சிறந்த நிலமாக மதிக்கப்படுகிறது. ஏறத்தாழ 47 பாகை வட அட்சத்தில் இருப்பதால் குளிர்காலம் கடுமையானது. வசந்தத்தில் உறைபனியும் கோடையில் ஆலங்கட்டி மழையும் பயிரை அச்சுறுத்தும். சிவப்புத் திராட்சைகள் நன்கு பழுக்கக்கூடிய வடக்கு எல்லையை ஒட்டிய பகுதி என்பதாலேயே, ஓர் ஆண்டின் வெப்பம் சற்றே கூடினாலும் குறைந்தாலும் அறுவடை நாளில் அது தெரிந்துவிடும்.

பர்கண்டியில் 'கிளிமா' என்னும் சொல் தட்பவெப்பத்தைக் குறிப்பதில்லை. எல்லை வகுத்துப் பெயரிடப்பட்ட ஒரு தோட்டத் துண்டைக் குறிக்கிறது. இத்தகைய 1,247 கிளிமாக்களை யுனெஸ்கோ 2015இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்த எல்லைகளை இயற்கை மட்டும் வகுக்கவில்லை. 1098இல் நிறுவப்பட்ட சீத்தோ மடத்தின் துறவிகள் சுவரெழுப்பிப் பேணிய குளோ த வூழோ தோட்டம் ஏறத்தாழ 50 ஹெக்டேர் பரப்புடையது. பிரெஞ்சுப் புரட்சியின்போது திருச்சபையின் உடைமைகள் பறிமுதல் செய்யப்பட்டு, 1791இல் அத்தோட்டமும் விற்கப்பட்டது. அதன்பின் வந்த சமபங்கு வாரிசுச் சட்டமும் விற்பனைகளும் சேர்ந்து, ஒரு மடத்தின் கையிலிருந்த தோட்டத்தை இன்று ஏறத்தாழ 80 உரிமையாளர்களிடம் பிரித்துக் கொடுத்திருக்கின்றன. சுவர் அதே சுவர்தான்; அதனுள்ளே சமூகம் முற்றிலும் மாறிவிட்டது.

திராட்சையின் கதையும் இத்தகையதே. 1395இல் பர்கண்டியின் கோமகன் துணிவுடைய பிலிப், கமே என்னும் திராட்சையைத் தம் ஆட்சிப்பகுதியிலிருந்து வேரோடு களைய ஆணையிட்டார். கமே மிகுதியாகக் காய்க்கும், முன்னதாகப் பழுக்கும். 14ஆம் நூற்றாண்டின் கொள்ளைநோயால் உழைப்பாளர் எண்ணிக்கை சுருங்கிவிட்ட காலத்தில் எளிய உழவர்கள் அதை நாடியதில் வியப்பில்லை. கோமகனுக்கோ, அரசவைகளில் தம் நாட்டின் பெயரை உயர்த்திய பினோ நுவார் ஒயினின் மதிப்பே பெரிதாகத் தோன்றியது. பினோ நுவார் பர்கண்டியின் 'இயற்கையான' திராட்சையானதில் மண்ணுக்கு உள்ள பங்கு போலவே அரசாணைக்கும் பங்குண்டு. அந்த ஆணையும் முழு வெற்றி பெறவில்லை. 19ஆம் நூற்றாண்டில்கூட கோத் தோர் மாவட்டத்தின் பெரும்பரப்பில் கமேதான் பயிராகிவந்தது.

1999இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்று இந்த வரலாற்றுக்கு எதிர்பாராத பின்குறிப்பை எழுதியது. பர்கண்டியின் வெள்ளை ஒயினுக்கு உலகப்புகழ் தந்த ஷார்டொனே, அங்கே பயிராகும் மற்றொரு வெள்ளைத் திராட்சையான அலிகோத்தே, கோமகன் விரட்டிய கமே ஆகிய மூன்றும் ஒரே பெற்றோரின் பிள்ளைகள் என்று அது நிறுவியது. ஒரு பெற்றோர் பினோ. மற்றொன்று குவே பிளாங். குவே பிளாங் உழவர்கள் தங்கள் தேவைக்காகப் பயிரிட்ட, மேட்டுக்குடியினர் இழிவாகக் கருதிய திராட்சை. உயர்ந்ததாக மதிக்கப்பட்ட கொடியும் தாழ்ந்ததாகக் கருதப்பட்ட கொடியும் அடுத்தடுத்து வளர்ந்து கலந்ததாலேயே ஷார்டொனே பிறந்தது. தூய்மையைக் காக்கும் நோக்கில் பிறந்த ஆணை முன்னரே வந்து முழுமையாக நிறைவேறியிருந்தால், பர்கண்டி இன்று பெருமையுடன் காட்டும் செல்வத்தில் பாதி உருவாகாமலே போயிருக்கக்கூடும்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வட அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலொக்செரா என்னும் வேர்ப்பூச்சி ஐரோப்பியத் தோட்டங்களை அழித்தது. பர்கண்டியும் தப்பவில்லை. பூச்சியைத் தாங்கும் அமெரிக்கத் திராட்சையின் வேர்த்தண்டில் உள்ளூர்க் கொடியை ஒட்டுக்கட்டுவதே தீர்வாயிற்று. முதலில் அதை எதிர்த்தோரும் மரபையே துணைக்கு அழைத்தனர். இன்று பர்கண்டியின் மிக உயர்ந்த தோட்டங்களிலும் ஏறத்தாழ எல்லாக் கொடிகளும் அமெரிக்க வேரில்தான் நிற்கின்றன. ஒழுங்கின்றி நெருக்கமாகப் பரவியிருந்த கொடிகள் இன்று காணப்படும் நேர்வரிசைகளுக்கு மாறியதும் அக்காலத்தில்தான். பிறகு 1935இல், இடப்பெயரையும் திராட்சை வகையையும் சாகுபடி முறையையும் ஒன்றோடொன்று பிணைக்கும் சட்டம் பிரான்சில் இயற்றப்பட்டது. தொன்மையான மரபென்று இன்று சுட்டப்படும் விதிகளின் சட்டவடிவத்துக்கு ஒரு நூற்றாண்டுகூட நிறையவில்லை.

இத்தனை மாற்றங்களுக்கிடையே தொடர்ந்து வந்த ஒன்று உண்டு. பர்கண்டியில் முற்காலத்தில் அறுவடையை ஒவ்வொருவரும் தம் விருப்பம்போல் தொடங்க முடியாதிருந்தது. தேர்ந்த தோட்டக்காரர்கள் பழத்தின் பக்குவத்தைப் பார்த்துச் சொன்ன பிறகு, ஊராட்சி பொதுவான நாளை அறிவித்தது. நகரமன்றக் குறிப்புகளில் அந்த நாள் பதிவானது. தேவாலயத்தின் கணக்கேட்டிலோ, அறுவடைக்கு வந்தவர்களுக்குக் கொடுத்த கூலி பதிவானது. தட்பவெப்ப வரலாற்றை எழுதும் நோக்கம் அவர்களில் எவருக்கும் இருக்கவில்லை. ஆயினும் பெயரறியப்படாத அந்தக் கூலியாட்களின் கணக்கே, வெப்பமானி பிறப்பதற்கு முந்தைய கோடைகளைப் பற்றி இன்று சாட்சி சொல்கிறது.

தோமா லாபே, கிறிஸ்டியன் ஃபிஸ்டர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பர்கண்டியின் போன் நகருக்கான அறுவடை நாட்களை 1354 முதல் 2018 வரை தொகுத்து 2019இல் வெளியிட்டனர். 1354 முதல் 1987 வரை அறுவடை சராசரியாகச் செப்டம்பர் 28 அளவில் தொடங்கியது. 1988க்குப் பிந்தைய 31 ஆண்டுகளில் அது 13 நாட்கள் முந்திவிட்டது. வெப்ப ஆண்டுகள் முன்பும் இருந்தனவே என்று வாதிடுவோர் உண்டு. இருந்தன, 1540ஆம் ஆண்டின் கொடிய வறட்சி ஐரோப்பிய வரலாற்றில் நன்கு அறியப்பட்டது. ஆனால் முழுத்தொடரிலும் மிக முந்திய அறுவடைகள் எனக் கொள்ளத்தக்க ஐந்து விழுக்காட்டு ஆண்டுகளில், 1720 முதல் 2002 வரையான நீண்ட காலத்துக்கு உரியவை ஐந்து மட்டுமே. 2003க்குப் பிந்தைய 16 ஆண்டுகளிலோ எட்டு ஆண்டுகள் அசாதாரணமானவை. முன்பு விதிவிலக்காக இருந்தது இப்போது வழக்கமாகிவிட்டது.

ஆய்வு மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இதனினும் ஆழமானது. பர்கண்டி அறுவடை நாட்களின் பட்டியல் ஏற்கெனவே பல ஆய்வுகளில் பயன்பட்டுவந்த ஒன்றுதான். ஆனால் அந்தப் பட்டியலில் பிழைகள் மலிந்திருந்தன. மூல ஆவணங்களுக்குச் செல்லாமல், 19ஆம் நூற்றாண்டு அச்சுநூல்கள் தந்த எண்களை ஆய்வாளர்கள் கேள்வியின்றி எடுத்தாண்டதே காரணம் என்று லாபே குழுவினர் வெளிப்படையாகச் சுட்டினர். எண் அட்டவணையாக வந்துவிட்டால் அது உறுதியான தரவு என்றும், கையெழுத்து ஏட்டில் இருந்தால் அது வெறும் பழங்கதை என்றும் கருதும் மனநிலைக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை. அறுவடை நாளும் தூய வெப்ப அளவீடு அன்று. போர், ஆட்பற்றாக்குறை, பழத்தின் பக்குவம் குறித்து மாறிவந்த விருப்பம் ஆகியவையும் அதைத் தள்ளிவைக்கவோ முன்னிழுக்கவோ செய்யும். ஆகவேதான் அவர்கள் அத்தொடரைப் பாரிசின் 1659 முதலான வெப்பப் பதிவுகளோடும் மரவளையச் சான்றுகளோடும் ஒப்பிட்டனர்.

இதன் நடைமுறை விளைவு என்ன? பினோ நுவார் முன்னதாகப் பழுக்கும் மெல்லிய தோல் திராட்சை. குளிர்ந்த நிலத்தில் மெதுவாகப் பழுப்பதே அதன் சிறப்பு. வெப்பம் கூடும்போது சர்க்கரை மிகுந்து, அதன்வழி ஆல்கஹாலின் அளவும் ஏறும், புளிப்பு குறையும். குளிர்காலம் இளகி மொட்டு முன்னதாக விரிந்தால், அதன்பின் வரும் உறைபனி தளிரைக் கருக்கிவிடும். 2021 ஏப்ரலில் பர்கண்டி கண்ட பெருஞ்சேதம் அத்தகையது. இன்று நடப்படும் கொடி பல பத்தாண்டுகள் நிற்கும் என்பதால், நடுபவர் 2060இன் கோடையையும் இன்றே கணிக்க வேண்டியிருக்கிறது.

மேற்கே போர்தோ வட்டாரம் 2021இல் ஆறு புதிய திராட்சை வகைகளுக்குச் சோதனை முறையில் இடமளித்தது. தோட்டப் பரப்பில் ஐந்து விழுக்காட்டுக்கும் கலவையில் பத்து விழுக்காட்டுக்கும் அவை மிகக்கூடாது என்பது நிபந்தனை. பர்கண்டிக்கு இது எளிதன்று என்று சொல்வோரின் வாதத்தில் நியாயம் உண்டு. போர்தோவின் ஒயின் பல திராட்சைகளின் கலவை. பர்கண்டியில் ஒரே திராட்சைதான் நிலத்தின் வேறுபாட்டைப் பேசுகிறது. அத்திராட்சையை மாற்றினால் 1,247 பெயர்களின் பொருளும் மாறும். கொடியை மாற்றும் முன் வேர்த்தண்டையும், கத்தரிக்கும் முறையையும், பினோவுக்குள்ளேயே தாமதமாகப் பழுக்கும் கிளைவகைகளையும் சோதிக்கலாம் என்பதும் பொறுப்பான யோசனையே. ஆனால் இவையெல்லாம் மாற்றத்தின் வழிமுறை பற்றிய வாதங்கள். மாற்றமே மரபுக்கு எதிரானது என்னும் வாதத்துக்கு மட்டும் பர்கண்டியின் வரலாற்றில் ஆதாரமில்லை.

இந்தியாவுக்கும் இதில் நேரடித் தொடர்புண்டு. இடப்பெயரைச் சட்டத்தால் காக்கும் ஐரோப்பிய முறை, உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை உடன்படிக்கையில் இடம்பெற்று, அதன்வழி 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டமாக இந்தியாவுக்கு வந்தது. டார்ஜிலிங் தேயிலை முதலில் பதிவு பெற்றது. பதிவுக்கான விண்ணப்பம் ஒரு பொருளின் தன்மைக்கும் அது விளையும் மண், தட்பவெப்பம், மனிதத் திறன் ஆகியவற்றுக்கும் உள்ள தொடர்பை விளக்க வேண்டும். அந்தத் தட்பவெப்பம் நகர்ந்துகொண்டிருக்கும்போது, பதிவு நாளில் எழுதப்பட்ட விவரணை என்றென்றைக்கும் செல்லுமா என்னும் கேள்வி பர்கண்டிக்கு மட்டும் உரியதன்று. அதற்கு விடைகாண ஆண்டுதோறும் எழுதப்பட்ட பதிவு வேண்டும். பூத்த நாள், பறித்த நாள், கொடுத்த கூலி என்று எழுதிவைத்த எளிய ஏடுகள் வேண்டும்.

அத்தகைய ஏடுகள் குப்பையாகக் கழிக்கப்படும் முன் ஆய்வுலகம் அவற்றைத் தேடிச் செல்ல வேண்டும். போன் நகரத் தேவாலயத்தின் கூலிக்கணக்கை எவரேனும் பயனற்றதென்று எரித்திருந்தால், 13 நாட்கள் முந்திய அறுவடையை எதனோடு ஒப்பிடுவது என்றே இன்று எவருக்கும் தெரிந்திராது.