கோபத்தை யார் அடக்க வேண்டும்?

கோபம் கூடாது என்று சொல்லாத மதம் இந்தியாவில் இல்லை. ஆனால் இந்த உபதேசம் பெரும்பாலும் யாருக்குச் செய்யப்படுகிறது? மருமகளுக்கு, வேலைக்காரருக்கு, கடைநிலை ஊழியருக்கு. 'கோபப்படாதே' என்பதற்குள் 'கேள்வி கேட்காதே' என்பதும் ஒளிந்திருக்கிறது. அதனால்தான் தியானம் செய்தால் கோபம் தணியும் என்று யாராவது சொன்னால், நியாயமான கோபமும் சேர்ந்து அணைந்துவிடுமோ என்ற சந்தேகம் வருகிறது.

இந்தச் சந்தேகத்தை உரசிப் பார்க்கத் தோதான இடம் தில்லியின் திகார் சிறை. 1993இல் கிரண் பேடி அங்கு ஐ.ஜி.யாகப் பொறுப்பேற்றபோது, இடவசதியைப் போல மூன்று மடங்குக்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்தனர். பெரும்பாலோர் விசாரணைக் கைதிகள். போலீஸ் மீது, நீதிமன்றத்தின் மீது, காட்டிக்கொடுத்தவர் மீது என்று அங்கே கோபத்துக்குப் பஞ்சமில்லை.

விபஸ்ஸனா தியானம் பயின்ற சிறை அதிகாரி ஒருவர், கைதிகளுக்கும் அதைக் கற்றுத்தரலாம் என்று யோசனை சொன்னார். எஸ்.என். கோயங்கா 1975லேயே ஜெய்ப்பூர் மத்திய சிறையில் முகாம் நடத்தியிருந்தார். திகாரில் 1993 நவம்பரில் முதல் முகாம் நடந்தது. 1994 ஏப்ரலில் ஆயிரத்துக்கும் அதிகமான கைதிகள் ஒரே முகாமில் உட்கார்ந்தார்கள். கோயங்காவே வந்து நடத்தினார்.

விதிகள் கறாரானவை. முகாம் 10 நாட்கள். விடியற்காலை 4 மணிக்கு எழ வேண்டும். ஏறக்குறைய கடைசி நாள் வரை சக பயிற்சியாளர்களிடம் பேசக் கூடாது. முதல் மூன்றரை நாட்கள் மூச்சை மட்டும் கவனிக்க வேண்டும். பிறகு, உடம்பில் தோன்றி மறையும் சூடு, வலி, அரிப்பு, துடிப்பு ஆகியவற்றை. மந்திரம் கிடையாது, உருவ வழிபாடு கிடையாது.

இதில் கோபம் எங்கே வருகிறது? கோயங்காவின் விளக்கம் எளிமையானது. கோபத்தைக் கொட்டினால் பிறருக்குக் கேடு, நமக்கும்தான். தண்ணீர் குடித்தோ, ஒன்று இரண்டு எண்ணியோ கவனத்தைத் திருப்பினால் அது உள்ளே போய்ப் பதுங்கிக்கொள்ளும். மூன்றாவது வழி, அதைப் பார்ப்பது. கோபத்தை நேரடியாகப் பார்ப்பது கடினம். ஆனால் கோபம் வந்ததும் மூச்சு தடம் மாறுகிறது, உடம்பு சூடேறுகிறது. இவற்றைப் பார்க்க முடியும். எதிர்வினை காட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தால் அதன் வேகம் குறைகிறது. அதன் பிறகு கண்டிப்பான நடவடிக்கை தேவையென்றால் எடுக்கலாம். மனம் நிதானத்தில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஆக, இந்தப் பயிற்சி கோரிக்கையைக் கைவிடச் சொல்லவில்லை. கோரிக்கை வேறு, கொதிப்பு வேறு என்று பிரித்துப் பார்க்கச் சொல்கிறது. ஆறு மாதமாக வழக்கு எடுக்கப்படவில்லை என்பது உண்மை. அதை நினைத்து இரவெல்லாம் எரிவது அந்த உண்மைக்கு எந்த வலுவும் சேர்ப்பதில்லை.

ஆனால் தியானத்தால் எந்த வழக்கும் சீக்கிரம் முடிந்துவிடாது. 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி, இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். குறையைக் கேட்க ஆளில்லாத இடத்தில் தியானம் மட்டும் கொடுத்தால் அது தூக்க மாத்திரைதான். திகாரில் கவனிக்க வேண்டிய விஷயம் அதுவே. அங்கே கைதிகளைத் தேடிப் புகார்ப் பெட்டி வந்தது. சிறை ஊழியர்களும் தியான முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். தடியைக் கையில் வைத்திருப்பவருக்கும் அதே பாடம்.

நம் திருக்குறளுக்கு இது புதிதல்ல. வெகுளாமை அதிகாரம் எடுத்த எடுப்பிலேயே இதைத்தான் பேசுகிறது: கோபம் செல்லுபடியாகும் இடத்தில் அதைத் தடுப்பவனே உண்மையில் கோபத்தைக் காப்பவன். செல்லாத இடத்தில் தடுத்தால் என்ன, தடுக்காவிட்டால் என்ன என்று கேட்டுவிட்டு மேலே போகிறார் வள்ளுவர்.

மேலதிகாரி முன்னால் கோபத்தை அடக்க யாருக்கும் யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அங்கே எல்லோரும் முனிவர்கள். அதே மனிதர் மாலையில் வீட்டுக்கு வந்து, தட்டை உடைத்த பிள்ளையிடம், தாமதமாக வந்த வேலைக்காரப் பெண்ணிடம் எப்படி நடந்துகொள்கிறார்? பயிற்சி அங்கேதான் தொடங்க வேண்டும். எதிரே இருப்பவர் திருப்பிப் பேச முடியாதவர் என்றால், முதலில் நம் மூச்சைப் பார்ப்போம். அவர் திருப்பிப் பேசினால், காது கொடுத்துக் கேட்போம்.