பாத்தி கட்டுகிற கைக்கு எது பட்டம்?

எங்க மரக்காணம் உப்பளத்துக்கு வாங்க தோழர்களே. எந்தப் பாத்தியில் தண்ணி எத்தனை நாள் நிக்கணும், வரப்பு எவ்வளவு உயரம், எப்போ மடை திறக்கணும் என்று கணக்குப் போட்டு உப்பு விளைவிக்கிறது நம்ம சனம். இதுக்குப் பேரு கூலி. இப்படிக் கணக்குப் போட்டுத் தாளில் வரைஞ்சா பேரு டிசைன்; அந்தப் படிப்புக்கு விலை லட்சக்கணக்கு.

1995-இல் சென்னைக்கு வந்த மத்திய அரசின் நிஃப்ட்டில் நாலு வருசப் பட்டத்துக்குப் பல லட்சம். அதே சென்னையில் 1850-இல் தொடங்கிய அரசு கவின்கலைக் கல்லூரியிலும் துணி வடிவமைப்பு உண்டு, கட்டணம் சொற்பம். ஆனால் வேலை கொடுப்பவன் முதலில் கேட்பது கல்லூரிப் பேரை. அந்தப் பேருக்குத்தான் லட்சங்கள்.

வங்கிக் குமாஸ்தா சொல்கிறேன்: கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் பொதுவாகச் சொத்து அடமானம் கேட்பார்கள். 1892 ஆணையால் நமக்கு வந்த பஞ்சமி நிலம் இன்று யார் பட்டாவில் இருக்கிறது? எதை அடமானம் வைக்க?

நிஃப்ட்டில் பட்டியல் சாதியினருக்கு 15 சதவீத இடம் உண்டு. முழுக் கட்டணம் தரும் மத்திய உதவித்தொகையோ இத்தனை பேருக்குத்தான் என்று வரம்போடு வருகிறது. இடத்தைக் கொடுத்துவிட்டு வாசலில் உண்டியல் வைப்பது என்ன நியாயம்? வரம்பை எடு என்று கேட்போம். அதுவரை, கடன்படாமல் கற்க கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. அதையும் விட்டுவிடாதீர்கள்.