மரை வேட்டையும் சுமை சுமந்தோரும்

திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழத்தை வியந்து பேசாத ஐரோப்பியப் பயண நூல் அரிது. துறைமுகத்தை விட்டு உள்நாடு நோக்கித் திரும்பியதும் அந்நூல்களின் நடை மாறிவிடும். தம்பலகாமத்து வயல்வெளியும் கந்தளாய்க் குளக்கரையும் கொட்டியாரத்துக் காடும் அங்கே மக்கள் வாழும் ஊர்களாகத் தோன்றுவதில்லை. விலங்கு மலிந்த வேட்டைக் களங்களாகவே தோன்றுகின்றன. ஆட்சியாளரின் இனத்தவர் அவ்வாறு எழுதியதில் வியப்பொன்றுமில்லை. நாடு சுதந்திரம் பெற்று முக்கால் நூற்றாண்டு கடந்த பின்னரும் ஈழத்துப் படிப்பாளிகள் சிலர் அந்நூல்களைக் கையிலேந்தி "அக்கால வேட்டைக்காரரின் ஆண்மை" என்று உருகுவதும், அவ்வேட்டைப் பயணங்களை இம்மாவட்டத்தின் மரபுரிமை எனப் போற்றுவதுமே வியப்புக்குரியன. இம்மரபுரிமை எத்தகையது என்பதை அறிய, துவக்கு வெடித்த கணத்தைப் பார்த்துப் பயனில்லை. வெடிப்பதற்கு முன் நடந்த ஆயத்தங்களைப் பார்த்தல் வேண்டும்.

முதலில் வேட்டையாடப்பட்ட விலங்கின் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். ஈழத் தமிழர் மரை என்றும், சிங்களவர் கோனா என்றும், தமிழ்நாட்டார் கடமான், மிளா என்றும் வழங்கும் பெருமானை ஆங்கிலேயர் 'எல்க்' என அழைத்தனர். எல்க் என்பது ஐரோப்பாவின் வடபுலக் காடுகளில் வாழும் வேறொரு விலங்கு. வட அமெரிக்காவில் மூஸ் எனப்படுவதும் அதுவே. அகன்ற கைபோல் விரிந்த கொம்பும் தொங்கிய தாடியும் உடைய அவ்விலங்கின் ஆண் 500 கிலோவையும் தாண்டி நிறுக்கும். மரைக்கும் அதற்கும் மான் குடும்பம் என்பதற்கு மேல் நெருக்கமில்லை. அமெரிக்காவிற் குடியேறிய ஆங்கிலேயர்கூட அல்கொங்கிய மொழி பேசிய பழங்குடியினரிடமிருந்து மூஸ் என்ற சொல்லைக் கேட்டறிந்து எடுத்துக்கொண்டனர். இலங்கைக்கு வந்தவர்களோ, சங்க நூல்களிலேயே பயின்று வரும் மரை என்ற பெயரைக் கேட்டறியும் சிரமத்தையும் மேற்கொள்ளவில்லை. வவுனியாவில் மரையடித்தகுளம் என்ற ஊர் இருக்கிறது. ஊருக்குப் பெயராகும் அளவுக்கு மரையை அறிந்த மக்களிடம் அதன் பெயரைக் கேட்கத் தோன்றாதவர்கள், அந்த நிலத்தை அறிந்தவர்களாகத் தம்மை எழுதிக்கொண்டனர்.

இவ்வெழுத்துக்களில் மிகுதியும் போற்றப்படுபவை சாமுவேல் வைற் பேக்கரின் நூல்கள். பின்னர் நைல் நதியின் மூலத்தைத் தேடிச் சென்று புகழ்பெற்ற இவர், 1848 ஆம் ஆண்டில் நுவரெலியாவிற் குடியேறியபோது கப்பலேற்றி வந்தவற்றுள் ஒரு வேட்டைநாய்க் கூட்டமும் இருந்தது. நாய்களை ஏவி மரையைத் துரத்தி, அது ஓடையில் இறங்கி எதிர்த்து நிற்கும்போது கத்தியாற் குத்திக் கொல்வது அவரது பெருவிருப்பு. மலைநாட்டோடு அவர் நின்றுவிடவில்லை. மின்னேரியாவையும் வடகீழ்ப் புறக் காடுகளையும் நோக்கி வாரக்கணக்கான நெடும்பயணங்களை மேற்கொண்டார். அவருடைய துவக்குகளுள் ஒன்று 21 இறாத்தல் நிறையுடையது. மூன்று அவுன்சுக் குண்டைச் செலுத்தவல்லது. இத்தகைய துவக்கு ஒன்றோடு பயணம் முடிவதில்லை. மாற்றுத் துவக்குகள் வேண்டும். மருந்தும் ஈயமும் வேண்டும். கூடாரம், கட்டில், சமையற் பாத்திரம், உப்பிட்ட உணவு, மதுப்போத்தல் அனைத்தும் வேண்டும். மாட்டுவண்டி செல்லும் வழி சிறிது தூரமே. அதற்கப்பால் எல்லாம் மனிதத் தலைகளில் ஏறின.

வேட்டை நூல்கள் தனியொருவரின் துணிவுக் கதைகளாக எழுதப்பட்டிருப்பினும், அவற்றின் அடியில் நடந்தது ஒரு போக்குவரத்துத் தொழில் என்பதை மறைக்க இயலாது. ஒரு வெள்ளையர் காட்டில் வசதியாக உறங்குவதற்குப் பலர் முன்கூட்டியே நடந்து சென்று கூடாரம் அடித்திருக்க வேண்டும். அவர் எதிரே மரை வந்து நிற்பதற்கு, அடிச்சுவடு அறிந்த ஒருவர் விடியுமுன் தடம் பார்த்திருக்க வேண்டும். அவரது முதற் குண்டு தவறினால், இரண்டாம் துவக்கை நீட்டுவதற்கு ஒருவர் ஓடாமல் அருகில் நின்றிருக்க வேண்டும். வெறுங்கையோடு நின்றவர் காட்டிய துணிவு எந்தக் கணக்கிலும் இல்லை. பேக்கரின் நாய்களுக்கு நூலில் இடமுண்டு: கில்பக், ஸ்மட், பிரான், லீனா என்று பெயர் சொல்லி, குணம் சொல்லி, இறந்தபோது இரங்கியும் எழுதுகிறார். சுமந்து நடந்தவர்கள் பெரும்பாலும் 'கூலிகள்' என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றனர். காய்ச்சல் கண்டாலோ சுமையைப் போட்டு ஓடினாலோ மட்டுமே அவர்கள் கதைக்குள் வருவர்.

பேக்கரின் நாய்கள் கரையிறங்கிய 1848 ஆம் ஆண்டு, இலங்கை வரலாற்றில் வேறொரு காரணத்தால் நினைக்கப்படுவது. தேசாதிபதி டொரிங்ரன் பிரபு அவ்வாண்டிற் புதிய வரிகள் பலவற்றை விதித்தார். துவக்கு வைத்திருப்பவர் ஆண்டுக்கு இரண்டரைச் சிலின் கட்டவேண்டும். நாய் வைத்திருப்பவர் ஒரு சிலின் கட்டவேண்டும். வயது வந்த ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்யவேண்டும், இன்றேல் மூன்று சிலின் செலுத்தவேண்டும். மாத்தளையில் மக்கள் கிளர்ந்தெழுந்தமையும், புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டமையும் யாவரும் அறிந்தவை. ஒரு நாயும் ஒரு பழந்துவக்கும் வைத்திருந்த கமக்காரனுக்கு அவை வரிச்சுமை ஆகிய அதே ஆண்டில், நாய்க் கூட்டத்தோடும் துவக்குப் பெட்டிகளோடும் வந்த சீமானுக்கு அவை பொழுதுபோக்காயின. அந்தச் சீமான் குதிரையேறிச் செல்லவிருந்த தெருவையும் கமக்காரனே தன் ஆறு நாள் உழைப்பால் வெட்டிக் கொடுக்கவேண்டியிருந்தது. வேட்டைக்கு ஆயத்தம் என்பதில் இந்தச் சட்டங்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். இவையின்றி அந்தப் பயணங்கள் நடந்திரா.

எத்தனை விலங்கு மடிந்தது என்பதை அவர்களே எழுதிவைத்துள்ளனர். மேஜர் றொஜேர்ஸ் என்பார் சுமார் 1,400 யானைகளைச் சுட்டவர் எனப்படுகிறது; 1845 இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். 1848 க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில் வட மாகாணத்தில் மட்டும் 3,500 யானைகள் வரை கொல்லப்பட்டு, அவற்றுக்கு அரசு வெகுமதி வழங்கியது என்று எமேர்சன் ரெனன்ற் 1859 இல் வெளியிட்ட நூலிற் குறிப்பிடுகிறார். பெரும்பாலான உடல்கள் விழுந்த இடத்திலேயே அழுகின. மரையைப் பொறுத்து இத்தகைய பேரெண்கள் இல்லை. வெகுமதி இல்லாத விலங்கை எவர் எண்ணுவர்?

ஊரவர் வேட்டைக்குப் புறப்பட்ட விதத்தோடு இதனை ஒப்பிட்டு நோக்குதல் தகும். மூதூர்க் கிழக்கிலும் வெருகல், வாகரைப் பகுதிகளிலும் வாழ்ந்த கரையோர வேடரைப் பற்றிச் செலிக்மன் தம்பதியினர் 1911 இல் எழுதியுள்ளனர். வேடருக்குக் கூடாரம் தேவைப்படவில்லை. காடு அவருக்கு வீடு. மரை விழுந்தால் அவர் செய்யும் முதல் ஆயத்தம் இறைச்சியைக் காப்பது பற்றியது: கீற்றாக அரிந்து புகையிலும் வெயிலிலும் வாட்டுவதும், தேனில் ஊறவைத்து மழைக்காலத்துக்கு ஒதுக்குவதும். தோலும் கொம்பும் வீணாவதில்லை. ஒரு மரை பல குடும்பங்களுக்குப் பல நாள் உணவாகையால் மறுநாளே இன்னொன்றை வீழ்த்தவேண்டிய தேவையும் எழுவதில்லை. காடு வெறுமையானால் வேட்டைக்காரனும் பட்டினி கிடப்பான் என்பதே இங்கு நிலவிய வேட்டைச் சட்டம். வேடர் யாவரும் அருளாளர் என்று இதனாற் கொள்ளவேண்டியதில்லை. நூறு மைலுக்கு அப்பாலிருந்து வந்து, சுட்டு, திரும்பிவிடும் ஒருவனை அந்தச் சட்டம் ஒருபோதும் தீண்டாது என்பதே இங்கு கருதத்தக்கது.

விலங்கு அருகியபோது அச்சமும் துரைமாருக்கே முதலில் வந்தது. 1894 இல் தோட்டத்துரைமாரும் வேட்டைப் பிரியரும் கூடி இலங்கை வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தை அமைத்தனர். இன்றைய வனவிலங்கு, இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் தொடக்கம் அதுவே. அச்சங்கம் செய்த நன்மைகளை மறுப்பதற்கில்லை. யால இன்று எஞ்சியிருப்பதில் அதற்குப் பங்குண்டு. எனினும் அந்த யாலவின் ஒரு பகுதிக்கு அக்காலத்தில் வழங்கிய பெயர் 'உள்நாட்டு வேட்டைப் பிரியருக்கான ஒதுக்ககம்' என்ற பொருளுடையது என்பதும் மறக்கற்பாலதன்று. பாதுகாக்கப்பட்டது விலங்கா, விலங்கைச் சுடும் உரிமையா என்று கேட்பதிற் குற்றமில்லை. அனுமதிச்சீட்டுப் பெற்றுச் சுட்டவர் 'வேட்டைப் பிரியர்' ஆனார். சீட்டின்றிச் சுட்ட கிராமத்தவர் 'திருட்டு வேட்டைக்காரர்' ஆனார். கச்சேரியில் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சீட்டைப் பெறும் வழி ஈச்சிலம்பற்றுக் காட்டோரத்தில் இருந்தவனுக்கு எங்ஙனம் தெரியும்? அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனார்ட் வூல்ஃப் 1913 இல் வெளியிட்ட நாவலில் சிலிந்து என்ற வேட்டைக்காரனையே நடுவிடத்தில் வைத்தார். ஆட்சி இயந்திரத்தின் உள்ளேயிருந்த ஒருவருக்கு உறுத்தியது, இன்று அதே காலத்தை மெச்சும் படிப்பாளிகளுக்கு உறுத்தவில்லை.

1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் பலமுறை திருத்தப்பட்டு இன்றும் நடைமுறையில் உள்ளது. மரை இந்நாட்டில் அருகிவரும் விலங்காகிவிட்டமையால் அதற்குச் சட்டப் பாதுகாப்பு இன்றியமையாதது. வேட்டையைத் திரும்பவும் திறந்துவிட வேண்டும் என்று எவரேனும் கேட்பின் அது மூடத்தனம். ஆனால் அந்தப் பாதுகாப்பின் விலையை யார் கொடுத்தார் என்பது வேறு வினா. 1983 இல் மதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டபோது வேடர் தம் வேட்டை நிலத்தினின்றும் வெளியேற்றப்பட்டனர். தம்பானையில் திசஹாமியும் சிலரும் மறுத்து நின்றனர். நூற்றாண்டுக்கு மேலாக அக்காட்டைப் பொழுதுபோக்குக்காகச் சுட்டவர்களின் கணக்கு, காட்டில் வாழ்ந்தவர்களின் பெயரில் தீர்க்கப்பட்டது.

மூஸ் வாழும் நாடான கனடாவை இங்கு நினைத்துப் பார்க்கலாம். திருகோணமலையிலிருந்து புலம்பெயர்ந்தோர் பலர் இன்று வாழும் நாடும் அதுவே. ஒன்ராறியோவின் வடகாட்டுக்கு மூஸ் வேட்டைக்குச் செல்பவர் பல நூறு கிலோமீற்றர் ஓட்டிச் செல்வதுண்டு. அவருக்கு அனுமதிச்சீட்டு வேண்டும். குறித்த பகுதிக்குரிய வில்லை வேண்டும். செம்மஞ்சள் உடை வேண்டும். அனைத்திலும் பெரிய ஆயத்தம், விழுந்த விலங்கை உரித்து, கூறிட்டு, கெடாமற் குளிர்வித்து, காட்டிலிருந்து சுமந்து வெளியேற்றுவது. அலாஸ்காவில் உண்ணத்தக்க இறைச்சி முழுவதும் மீட்கப்படுமுன் கொம்பை அகற்றுவதே குற்றம். அங்கும் பழங்குடியினரின் வேட்டையும் மீன்பிடியும் நெடுங்காலம் குற்றமாக்கப்பட்டிருந்தன. எனினும் பேணுகைக்கு அடுத்த முதலிடம் பழங்குடியினரின் உணவுத் தேவைக்கே உரியது என்று கனடிய உயர்நீதிமன்றம் 1990 இல் ஸ்பரோ வழக்கில், மீன்பிடி தொடர்பாகத் தீர்ப்பளித்தது. விலங்கைக் காப்பதும் அங்கு வாழ்ந்த மனிதரை மதிப்பதும் ஒரே சட்டத்துள் இயலும் என்பதற்கு வெளியே தேடவேண்டியிருப்பதுதான் இந்நாட்டின் நிலை.

இக்காலத்து மரைத் திருட்டைக் காட்டி, "பார்த்தீர்களா, கிராமத்தவரே காட்டை அழிக்கின்றனர்" என்போர் உளர். கம்பிச் சுருக்கும் கட்டுத்துவக்கும் கிராமத்தவன் கையால் வைக்கப்படுவது உண்மை. அவற்றில் மரை மட்டுமன்றிச் சிறுத்தையும் சிக்குகிறது. விறகெடுக்கச் சென்ற மனிதனும் சிக்குகிறான். ஆனால் அந்த இறைச்சி கிராமத்து அடுப்பில் மட்டும் வேகுவதில்லை. போர் முடிந்த 2009 க்குப் பின் தெருக்கள் திறந்தன. நகரத்து விருந்துக்கு 'காட்டிறைச்சி' தேடுவோர் வாகனத்தில் குளிர்ப்பெட்டியோடு வரலாயினர். தூரத்திலிருந்து ஆயத்தத்தோடு வந்து, காட்டை அறிந்தவனுக்குச் சில்லறை கொடுத்து, பயனை எடுத்துச் செல்லும் இவர்கள் வேடரின் வாரிசுகளல்லர், பேக்கரின் வாரிசுகள். பிரெடெரிக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமானுக்கு வாழைப்பழத்தோல் நீட்டிப் படமெடுத்துக்கொண்டு போகிறவரே, அன்றிரவு மரைக்கறி கிடைக்குமா என்று விடுதியில் விசாரிக்கவும் கூடும்.

கந்தளாய் வீதியில் அத்தகைய வாகனமொன்று மறிக்கப்பட்டால், நீதிமன்றத்தில் முதலில் நிற்பவன் பெரும்பாலும் சாரதியாகவோ சுருக்கு வைத்தவனாகவோ இருப்பான். சுருக்கு வைத்தவனுக்குத் தண்டப்பணம் கட்ட வழியில்லை. இறைச்சிக்கு முற்பணம் அனுப்பியவன் யார் என்று அவனிடம் கேட்கப்படுவது அரிது. கேட்டாலும் அவனுக்குத் தெரிந்திருப்பது ஒரு தொலைபேசி எண் மட்டுமே.