செவிமடலுக்கு வேலை உண்டு

கருமத்தம்பட்டியில் விசைத்தறிகள் ஓடும் தெரு ஒன்றில் கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள். எந்தத் தறிக்குடோன் வலப்பக்கம், எது முதுகுக்குப் பின்னால் என்று சொல்லிவிடுவீர்கள். அதே சத்தத்தைச் சாதாரண முறையில் பதிவு செய்து ஹெட்போனில் கேளுங்கள். தறி உங்கள் மண்டைக்குள் ஓடும்! ஏன்?

வலப்பக்கத்து ஒலி இடக்காதை ஏறக்குறைய 0.65 மில்லி விநாடி தாமதமாக அடைகிறது. தலை மறைப்பதால் அதன் வலிமையும் குறைகிறது. இவ்விரண்டையும் 1907-இல் ராலே பிரபு விளக்கினார். நேர் முன்னாலும் நேர் பின்னாலும் இருந்து வரும் ஒலிக்கோ இந்த வேறுபாடுகள் இல்லை. அங்கே துப்புத் துலக்குவது செவிமடல். அதன் மேடுபள்ளங்கள் சில அதிர்வெண்களை உயர்த்துகின்றன, சிலவற்றை அமுக்குகின்றன. திசைக்குத் திசை இது மாறும். ஹெட்போன் ஒலி காதருகிலேயே பிறப்பதால் இத்துப்புகள் அதில் இல்லை.

கணிப்பொறி இவற்றைச் செயற்கையாகச் சேர்க்கிறது. 1994-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், கெமார் என்ற பொம்மைத் தலையின் காதுகளில் மைக் வைத்து, 710 திசைகளிலிருந்து வரும் ஒலியை அளந்தார்கள். ஒரு திசைக்குரிய எண்வரிசையால் பாட்டை வடிகட்டினால், அது அத்திசையிலிருந்து வருவதாகத் தோன்றும். காதுக்கு 128 எண்கள், விநாடிக்கு 44,100 ஒலி மாதிரிகள் என்று கொள்ளுங்கள். இரு காதுகளுக்கும் சேர்த்து விநாடிக்கு 1 கோடியே 12 லட்சத்துக்கு மேற்பட்ட பெருக்கல்கள்!

இங்கேதான் எனக்கு ஒரு மனக்குறை. கெமார், வயதுவந்தோரின் சராசரி அளவில் செய்த பொம்மை. உங்கள் காது சராசரிக் காதன்று. பிறர் காதின் எண்களைக்கொண்டு கேட்கும்போது, முன்னால் ஒலிக்கவேண்டியது பின்னால் ஒலிப்பதாகத் தோன்றுவது சோதனைகளில் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. ஆகவே, பெட்டியின்மீது '3டி' என்று அச்சிட்டிருப்பதை நம்பிக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். நண்பர் ஒருவர் ஒலியை முன்னும் பின்னும் மாற்றி மாற்றி வைக்கட்டும். நீங்கள் கண்ணை மூடிப் பத்து முறை கை காட்டுங்கள். ஐந்து முறை தவறினால், காசைச் சுண்டிப் பூவா தலையா பார்த்ததற்கு ஒப்பு.

தறிச் சத்தத்தை மறைக்க ஹெட்போனில் ஒலியைக் கூட்டிவைப்பவர்களுக்கு இன்னொன்று. செவிமடல் தரும் துப்புகள் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்சுக்கு மேல்தான் இருக்கின்றன. உரத்த சத்தம் முதலில் பழுதாக்குவதும் 4,000 ஹெர்ட்சை ஒட்டிய பகுதியையே. அப்படிப் போன செவிப்புலன் திரும்புவதில்லை. தறிக்குடோனில் வேலை செய்யும் அப்பா அம்மாவுக்கும் காதடைப்பான் வாங்கிக் கொடுங்கள். அதன் விலை ஹெட்போன் விலையில் ஒரு சிறு பகுதிதான்.